ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி: மூட்டு மாற்று அறுவையைப் பயிற்சி மருத்துவர் செய்யலாமா?

2023 ஜூன் 4 (கேள்வி)

என் தாயாருக்கு 67 வயது. வலது முழங்கால் மூட்டு முற்றிலும் தேய்ந்துவிட்டதால் மாற்று அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில், மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவரும் அறுவையின் ஒரு பகுதியையோ முழுவதையோ செய்யக்கூடும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என் தாயாரின் காலில் யாரும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் எண்ணமும். அரங்கின் உள்ளிருந்து பார்த்தவர்கள் யாரேனும் இதைப் பற்றிச் சொல்ல முடியுமா?

2023 ஜூன் 4, இரவு

எலும்பு அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் செவிலியராக 26 ஆண்டுகள் பணியாற்றினேன். என் இரண்டு முழங்கால்களும் இப்போது செயற்கை மூட்டுகள்தாம். ஆகவே மேசையின் இரு பக்கமும் எனக்குத் தெரியும்.

அந்த வரியை அடிக்க வேண்டாம். பயிற்சி மருத்துவர் கருவியைப் பிடிக்கும்போது, அவருக்கு எதிரே, கைகழுவிக் கையுறை அணிந்த மூத்த மருத்துவர் நிற்பாரா என்பதைக் கேளுங்கள். எதிரே நிற்பது வேறு. பக்கத்து அறையில் தேநீர் அருந்தியபடி அழைத்தால் வருவது வேறு. இரண்டையும் "மேற்பார்வை" என்ற ஒரே சொல்லால்தான் படிவங்கள் குறிக்கின்றன. உங்கள் கேள்வி முழுவதும் அந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

2023 ஜூன் 5

நேற்று சுருக்கமாக எழுதிவிட்டேன். காரணத்தையும் சொல்ல வேண்டும்.

முழங்கால் மாற்று என்பது ஒரே செயலன்று. தொடை எலும்பின் கீழ் நுனியையும் கணுக்கால் எலும்பின் மேல் நுனியையும் குறிப்பிட்ட கோணங்களில் அறுக்க வேண்டும். கால் மடங்கும்போதும் நீளும்போதும் இரு பக்கத் தசைநார்களும் ஒரே அளவு இறுக்கத்தில் இருக்குமாறு சமன்செய்ய வேண்டும். அளவு பார்ப்பதற்கான தற்காலிக மூட்டை, அதாவது ட்ரையல் மூட்டைப் பொருத்தி அசைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மூட்டை எலும்போடு பிணைக்கும் சிமென்ட் கலந்து, அது இறுகும் சில நிமிடங்களுக்குள் உண்மையான மூட்டைச் சரியான இடத்தில் அமர்த்த வேண்டும். பயிற்சி மருத்துவருக்கு இவை அனைத்தும் ஒரே நாளில் தரப்படுவதில்லை. முதலில் தோலைத் திறப்பார், மூடுவார். பல மாதங்கள் கழித்து ஓர் எலும்பை அறுப்பார். அதற்கும் பிறகே தசைநாரைச் சமன்செய்யும் பொறுப்பு வரும். நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள், ட்ரையல் மூட்டைப் பொருத்தியவுடன் மாணவரின் கையை விலக்கிவிட்டுத் தாமே காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் ட்ரையலைக் கழற்றி, எங்கே தவறியது என்று மாணவர் வாயாலேயே சொல்ல வைத்து, திருத்திய பிறகுதான் சிமென்ட் கேட்பார்கள். அதற்கு 20 நிமிடங்கள் கூடுதலாகும். நோயாளிக்கு அது தெரியவே தெரியாது.

2023 ஜூன் 5, மாலை

கணுக்கால் எலும்பு என்று மேலே எழுதியது பிழை. கீழ்க்கால் எலும்பு என்பதே சரி. பொறுத்தருள்க.

2023 ஜூன் 9

"அனுபவம் உள்ளவர் செய்தால் நல்லது என்பதற்குச் சான்று உண்டு அல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த இடுப்பு மூட்டு மாற்று அறுவைகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆண்டுக்கு 35 இடுப்பு மாற்றுகளுக்கும் குறைவாகச் செய்த மருத்துவர்களின் நோயாளிகளுக்கு மூட்டு நழுவுவதும் மறு அறுவை தேவைப்படுவதும் கூடுதலாக இருந்தன. நழுவியோர் 1.9 சதவீதம், மற்ற பிரிவில் 1.3 சதவீதம், மறு அறுவைக்குச் சென்றோர் 1.5 சதவீதம், மற்ற பிரிவில் 1.0 சதவீதம்.

வேறுபாடு உண்மையானது, ஆனால் அதன் அளவையும் பாருங்கள். தவிர, இந்தக் கணக்கு தனித்துச் செய்யும் மருத்துவர்களைப் பற்றியது. ஆண்டுக்குப் பத்தோ பதினைந்தோ மட்டும் செய்கிற, எதிரே திருத்துவதற்கு யாரும் இல்லாத முழுத்தகுதி பெற்ற மருத்துவரும் அதில் அடக்கம். ஆண்டுக்கு 300 செய்யும் ஒருவர் எதிரே நிற்க, அவர் சொற்படி செய்யும் மாணவரை அந்தக் குறைந்த எண்ணிக்கைக்காரரோடு ஒப்பிடக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்கள் பொருத்திய மூட்டுகளின் ஆயுள் மூத்தவர்கள் பொருத்தியவற்றின் ஆயுளுக்கு ஏறத்தாழ நிகராகவே இருந்தது.

2023 ஜூன் 10

இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதத் தயங்கிய ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

நான் பணியில் கண்ட மிகக் கடினமான நாள் ஒன்றில், கருவியைப் பிடித்திருந்தவர் மாணவர் அல்லர். 20 ஆண்டு அனுபவம் உள்ள மூத்த மருத்துவர். இடுப்பு மூட்டைப் பின்பக்க வழியாகவே பல நூறு முறை மாற்றியவர், முன்பக்க வழியில் செய்யத் தொடங்கியிருந்தார். மாநாட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிணக்கூடத்தில் ஒரு நாள் பயிற்சியும் பெற்றிருந்தார். அந்த வழியில் தொடை எலும்பின் வாய் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. செயற்கை மூட்டின் தண்டு எலும்புக்குள் இறங்க இடம் செய்வதற்காக, அரம் போன்ற புரோச் என்ற கருவியைச் சுத்தியலால் தட்டி இறக்கும்போது ஒலி மாறியது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒலி தெரியும். எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கம்பி சுற்றிக் கட்டி, நீளமான தண்டு போட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மையார் ஆறு வாரம் காலை ஊன்றாமல் இருக்க நேர்ந்தது.

அன்று அவருக்கு எதிரே நின்றவர் யார் தெரியுமா? முன்பக்க வழியை ஒருமுறைகூடப் பார்த்திராத ஓர் இளம் உதவியாளர். மூத்தவர் அன்று தாமே மீண்டும் மாணவராகிவிட்டார். ஆனால் அவருக்கு ஆசிரியர் இல்லை. அந்த நோயாளியின் ஒப்புதல் படிவத்தில் பயிற்சி பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

ஆஸ்திரேலியப் பதிவேட்டைக் கொண்டு 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையாகவே காட்டியது. முன்பக்க வழியைப் புதிதாகக் கைக்கொண்ட மருத்துவர்கள் 50 அல்லது அதற்கு மேற்பட்ட அறுவைகளைச் செய்து முடித்த பிறகுதான், அவர்களுடைய மறு அறுவை விகிதம் 100-க்கு மேல் செய்தவர்களின் விகிதத்துக்கு இணையாயிற்று. முதல் 50 பேர் யார்? அவர்களிடம் எவராவது சொன்னாரா? இந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை.

2023 ஜூன் 10, பிற்பகல்

முன்பக்க வழி தீயது என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். தேர்ந்தவர் கையில் அது மிக நல்ல வழி. எந்த வழியையும் முதல் முறை செய்பவர் தனியாகச் செய்யலாமா என்பதைத்தான் கேட்கிறேன்.

2023 ஜூன் 17

ஒரு சிறிய வரலாறு இங்கே பொருந்தும். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றின் அடித்தளத்தை இட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தை அவர் முதலில் டெஃப்லான் என்ற நெகிழியில் செய்தார். தொடக்கத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கின. ஏறத்தாழ 300 பேருக்கு அந்தக் கிண்ணம் பொருத்தப்பட்டிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. 1962 நவம்பரில் மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன் என்ற நெகிழிக்கு மாறினார், அது நிலைத்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி அதற்குப் பின்னால் நடந்தது. தம்மிடம் வந்து தங்கி, முறையைப் பார்த்துக் கற்றவர்களுக்கு மட்டுமே தம் மூட்டை விற்கும்படி அதைத் தயாரித்த நிறுவனத்தைச் சார்ன்லி பல ஆண்டுகள் கட்டுப்படுத்தி வைத்திருந்தார். கருவி விற்பனையையும் பயிற்சியையும் ஒரே முடிச்சில் கட்டியவர் அவர். பின்னாளில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

மூட்டு விற்பனை பற்றிய இன்னொரு பாடத்தை 2010-இல் உலகம் கண்டது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டை அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் டிப்யூ நிறுவனம் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மறு அறுவை விகிதம் மிகுதியாக இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை நாட்டுப் பதிவேடுகள்தாம். சுவீடன் 1975-இல் முழங்காலுக்கும் 1979-இல் இடுப்புக்கும் பதிவேடு தொடங்கியது. ஒவ்வொரு மூட்டும் எங்கே, எந்த வகை, எப்போது மாற்றப்பட்டது என்று எழுதி வைக்கும் அந்தச் சலிப்பூட்டும் வேலை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதைச் சொல்லி மாளாது.

2023 ஜூலை 2

"செயற்கை மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2019-இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, இடுப்பு மூட்டுகளில் 25 ஆண்டு கடந்தும் நிலைப்பவை ஏறத்தாழ 58 சதவீதம். முழு முழங்கால் மூட்டுகளில் 82 சதவீதம். முழங்காலின் ஒரு பாதியை மட்டும் மாற்றும் முறையில் 70 சதவீதம்.

வயது இங்கே பெரிய காரணி. 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொள்பவர் வாழ்நாளில் மறு அறுவைக்குச் செல்லும் வாய்ப்பு 5 சதவீத அளவே. 50-களின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை உயர்கிறது. உங்கள் தாயாரின் 67 வயதில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

2023 ஜூலை 3

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது எனக்கே உறுத்துகிறது. முழங்கால் மூட்டு இடுப்பு மூட்டைவிட நெடுநாள் நிலைக்கிறது என்றால், முழங்கால் நோயாளிகள்தாம் அதிக மனநிறைவோடு இருக்க வேண்டும். அப்படி இல்லை. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் நிறைவடையவில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பில் அந்தப் பங்கு கணிசமாகக் குறைவு.

காரணம் எளிது. மூட்டு மறுபடி மாற்றப்படவில்லை என்றால் பதிவேட்டின் கணக்கில் அது "நிலைத்த மூட்டு". வலியோடு மாடிப்படி ஏறுபவரும், மறு அறுவைக்கு உடல் தாங்காது என்று மருத்துவர் கைவிட்டவரும் அந்தக் கணக்கில் வெற்றியாகவே நிற்கிறார்கள். ஆகவே பதிவேட்டு எண்ணோடு, நோயாளியே நிரப்பும் படிவத்தின் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் அப்படிப்பட்டது: 12 கேள்விகள், மொத்தம் 48. கடைக்குப் போய்வர முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, மண்டியிட்டு எழ முடிகிறதா என்று கேட்கும். அறுவைக்கு முன் ஒருமுறையும் ஓராண்டு கழித்து ஒருமுறையும் அதை உங்கள் தாயாருக்கு நிரப்பித் தருமாறு கேளுங்கள். ஒரு மருத்துவர் தம் நோயாளிகளின் மதிப்பெண்களை வைத்திருக்கிறாரா என்பதே அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

2023 ஜூலை 16

என் முழங்கால்களைப் பற்றிக் கேட்டீர்கள். வலது முழங்காலைப் பயிற்சியின் இறுதி ஆண்டில் இருந்த ஒருவர் செய்தார்; அவருடைய ஆசிரியர் எதிரே நின்றார். இரண்டு ஆண்டு கழித்து இடது முழங்காலை அந்த ஆசிரியரே செய்தார். வலது கால் மூன்று மாதத்தில் 120 பாகை மடங்கியது. இடது கால் எட்டு வாரம் ஆகியும் 70 பாகையைத் தாண்டவில்லை. மயக்க மருந்து கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்கிவிட வேண்டியதாயிற்று. இன்றும் அது 95-இல் நிற்கிறது.

2023 ஜூலை 16, இரவு

இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அப்போதே எழுதியிருக்க வேண்டும். இரண்டு கால்கள் ஓர் ஆய்வு ஆகா. இடது காலுக்கு முதல் மூன்று வாரம் பிசியோதெரபியை நான் சரியாகச் செய்யவில்லை. அப்போது வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்திருந்தது. அறுவைக்கு முன்பே அந்தக் கால் குறைவாகத்தான் மடங்கியது. முன்பு எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்தே பின்பு மடங்குவதும் அமைகிறது. அறுத்தவர் கையில் குறை இருந்ததாக நான் நம்பவில்லை. பின்விளைவு வந்தாலே யாரோ தவறு செய்தார்கள் என்று முடிவுகட்டும் வழக்கம் பயிற்சி மருத்துவர்களை எவ்வளவு வாட்டுகிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். மூட்டு நழுவினால் கிண்ணத்தின் கோணம் தவறு என்பார்கள். 1978-இலிருந்து பாதுகாப்பு எல்லை என்று கற்பிக்கப்பட்ட கோணங்களுக்குள் கிண்ணம் சரியாக அமைந்திருந்தும் நழுவியவர்கள், நழுவியோரில் பாதிக்கும் மேல் இருந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

2023 ஆகஸ்ட் 6

அஞ்ச வேண்டிய பின்விளைவு எது என்று கேட்டால், நான் நோய்த்தொற்று என்பேன். நூற்றில் ஒருவர், இருவருக்கு வருகிறது. வந்தால், மூட்டைத் திறந்து கழுவுவதில் தொடங்கி, மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, புதிய மூட்டைப் பொருத்துவது வரை நீளும். அப்படி மூன்று முறை மேசைக்கு வந்த ஒருவரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் முறை அவர் என் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார்.

இதில் அறுப்பவரின் கைத்திறனைவிட அரங்கின் ஒழுங்கே பெரிது. 8,000-க்கும் மேற்பட்ட அறுவைகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1982-இல் வெளியானது. சாதாரண அரங்கில் தொற்று 1.5 சதவீதம், மிகத்தூய காற்று பாயும் அரங்கில் 0.6 சதவீதம். தோலை அறுப்பதற்கு முன் உரிய நேரத்தில் நோய்க்கொல்லி மருந்து செலுத்துவதும் அதே அளவு முக்கியம். கதவைத் தேவையின்றித் திறக்கக் கூடாது என்று நான் சத்தமிட்டுச் சொன்னதற்காக முசுடு என்று பெயர் எடுத்தேன். இன்று மறுபடி நின்றாலும் அதையே சொல்வேன்.

இன்னொரு செய்தி ஆறுதல் தரும். இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இடுப்பு மாற்றுகளை ஆராய்ந்தபோது, அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தோர் 2003-இல் 0.56 சதவீதமாகவும் 2011-இல் 0.29 சதவீதமாகவும் இருந்தார்கள். எட்டு ஆண்டில் பாதி. புதிய மூட்டு எதுவும் இதைச் சாதிக்கவில்லை. முதுகில் ஊசியிட்டு மரக்கச் செய்வது, இரத்தம் உறையாமல் காப்பது போன்ற பழக்கங்கள் பரவியதோடு சேர்ந்தே அது குறைந்தது.

2023 ஆகஸ்ட் 7

ரோபோ உதவியுடன் செய்தால் இந்தக் கேள்வியே எழாது அல்லவா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் அறுப்பதில் அது துல்லியம் தருகிறது. நோயாளியின் வலியும் நடையும் அதனால் தெளிவாக மேம்பட்டதாக இதுவரை நிறுவப்படவில்லை. திட்டமிடுபவர் மனிதர்தான், தசைநார் இறுக்கத்தை முடிவு செய்பவரும் மனிதர்தான். ரோபோவை முதன்முறை இயக்கும் மூத்தவரிடமும் நான் ஜூன் 10 அன்று கேட்ட கேள்வியையே கேட்பேன்.

2023 அக்டோபர் 22

உங்கள் தாயார் படிவத்தை மாற்றமின்றிக் கையெழுத்திட்டார் என்றும், முந்தைய நாள் மாலையில் அந்தப் பயிற்சி மருத்துவர் தாமாக வந்து, தாம் எந்தப் பகுதியைச் செய்யப்போகிறார், எதிரே யார் நிற்பார் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் காலத்தில் யாரும் அப்படிப் போய்ச் சொன்னதில்லை.

இப்போது கவனிக்க வேண்டியவை: காயத்திலிருந்து நீர் கசிவது ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் காத்திருக்காமல் அறுவை செய்தவரிடமே காட்டுங்கள், அருகில் உள்ள மருத்துவரிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு நாட்களைக் கடத்த வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முழங்காலின் கீழ் தலையணை வைத்துப் படுக்க விடாதீர்கள். இதமாக இருக்கும், ஆனால் கால் நேராக நீளாமல் போய்விடும்.

2023 அக்டோபர் 23

ஒன்றை விட்டுவிட்டேன். தழும்பின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருக்கும். முன்பக்கத்தில் நேராகத் திறக்கும்போது தோலுக்கு உணர்வு தரும் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடுவதே காரணம். பெரும்பாலும் அதைத் தவிர்க்க முடியாது. பலருக்கு அந்த இடம் நாளடைவில் சுருங்கும். எனக்கு இரு கால்களிலும் இன்னும் இருக்கிறது. தாயார் அதைத் தொட்டுப் பார்த்து அஞ்சுவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.